அந்தோராவில் மொபைல் டேட்டா: எல்லையைத் தாண்டும் முன் தொடங்க வேண்டிய வேலை

ஸ்பெயினுக்கும் பிரான்ஸுக்கும் நடுவே, பைரனீஸ் மலைக்குள் 468 சதுர கிலோமீட்டரில் அடங்கிவிடும் நாடு அந்தோரா. பார்சிலோனாவில் இருந்தோ துலூஸில் இருந்தோ பேருந்திலும் காரிலும் வருபவர்கள் பலர், ஒரு நாள் சுற்றிவிட்டுத் திரும்பலாம் என்ற கணக்கில்தான் வருகிறார்கள். ஸ்பெயினில் நன்றாக ஓடிய டேட்டா எல்லைச் சாவடியைத் தாண்டியதும் நின்றுபோகும். சிலருக்கு அது நிற்காமல் ஓடி, மாதக் கடைசியில் பில்லாக வந்து சேரும்.

காரணம் இதுதான்: அந்தோரா ஐரோப்பிய ஒன்றியத்திலும் இல்லை, ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியிலும் இல்லை. ஒன்றியத்துக்குள் எங்கே போனாலும் உள்நாட்டு விலைக்கே மொபைலைப் பயன்படுத்தலாம் என்று 2017 ஜூன் 15 முதல் இருக்கும் விதி இங்கே செல்லாது. புழங்கும் பணம் யூரோ என்பதால் பலரும் இதை யோசிப்பதில்லை. உங்கள் சிம்முக்கு இது முழுக்க வேறு நாடு. நாட்டுக் குறியீடு +376, மொபைல் நெட்வொர்க் ஒன்றே ஒன்று: அரசுக்குச் சொந்தமான அந்தோரா டெலிகாம்.

கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். பாதி வேலை எல்லைக்கு இந்தப் பக்கம், வைஃபை இருக்கும் இடத்திலேயே முடிய வேண்டும். எல்லை தாண்டிய பிறகு தொடங்கினால், இன்டர்நெட் வாங்குவதற்கே இன்டர்நெட் தேவைப்படும்.

1. உங்கள் சிம் அந்தோராவை எங்கே வைத்திருக்கிறது என்று பாருங்கள்

'ஐரோப்பா முழுவதும் செல்லும்' என்ற விளம்பர வரியை நம்பி முடிவெடுக்க வேண்டாம். மொபைல் நிறுவனம் 'ஐரோப்பா' என்று சொல்வது பெரும்பாலும் ஒன்றியத்தின் 27 நாடுகளோடு நார்வே, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைன் ஆகிய மூன்றையும்தான். அவர்கள் இணையதளத்தில் நாடுகளின் பட்டியலைத் திறந்து அந்தோரா என்ற பெயரையே தேடுங்கள். பெயர் இல்லையென்றால் திட்டத்தில் இல்லை என்றே கொள்ளுங்கள்.

பிரெஞ்சு, ஸ்பானிய நிறுவனங்கள் சில, சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் அந்தோராவைத் தாமாகவே திட்டத்தில் சேர்த்திருக்கின்றன. ஒரே நிறுவனத்தின் விலை உயர்ந்த திட்டத்தில் இருக்கும், மலிவான திட்டத்தில் இருக்காது. எனவே நண்பரின் சிம்மில் வேலை செய்தது உங்களுக்குச் சான்று ஆகாது. பாரிஸ், லண்டன் தமிழர்கள் பலர் வைத்திருக்கும் ப்ரீபெய்டு சிம்களுக்கும் இதே சோதனைதான்: நிறுவனத்தின் பெயரைப் பார்க்காமல், உங்கள் திட்டத்தின் நாட்டுப் பட்டியலைப் பாருங்கள்.

இந்திய, இலங்கை சிம் என்றால் இரண்டு கேள்விகள். வெளிநாட்டில் உங்கள் சிம்மைப் பயன்படுத்த வாங்கும் ரோமிங் பேக்கில் அந்தோரா இருக்கிறதா? சர்வதேச ரோமிங் ஊரிலேயே இயக்கப்பட்டுவிட்டதா? இரண்டாவதை மறந்தால் வங்கி ஓ.டி.பி. கூட வராது.

திட்டத்தில் இல்லாத நாட்டில் டேட்டாவுக்கு எம்.பி. கணக்கில் காசு பிடிப்பார்கள். எம்.பி.க்கு 5 யூரோ என்று வைத்துக்கொண்டால், பின்னணியில் தானாக ஏறும் மூன்று நான்கு புகைப்படங்களே 50 யூரோவைத் தாண்டிவிடும். ஒன்றிய நாட்டு சிம்களுக்கு, வேறு வரம்பை நீங்களே கேட்டு வைத்திருக்காவிட்டால், வரி நீங்கலாக 50 யூரோவில் டேட்டாவை நிறுத்த வேண்டும் என்ற பாதுகாப்பு உண்டு. அது ஒன்றியத்துக்கு வெளியேயும் பொருந்தும். ஆனால் போன நாட்டின் நெட்வொர்க் உடனுக்குடன் கணக்கு அனுப்பாவிட்டால் அதற்கு விலக்கும் உண்டு. அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

2. போன் பூட்டப்பட்டதா என்று சோதியுங்கள்

தவணையில் வாங்கிய போன்கள் சில ஒரே நிறுவனத்தின் சிம்மை மட்டுமே ஏற்கும். ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் போய்ப் பாருங்கள். கேரியர் லாக் என்ற இடத்தில் 'நோ சிம் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்' என்று இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் வேறு நிறுவனத்தின் சிம் ஒன்றைப் போட்டுப் பார்ப்பதுதான் நம்பகமான வழி.

அடுத்து, டயல் செய்யும் திரையில் *#06# அழுத்துங்கள். வரும் எண்களில் இ.ஐ.டி. என்ற நீண்ட எண் இருந்தால் போன் இ-சிம் ஏற்கும், அதாவது அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே ஏற்றும் சிம்மை. இல்லையென்றால் பிளாஸ்டிக் சிம்தான் வழி. இதைப் பணம் கட்டுவதற்கு முன்னால் பாருங்கள். பல கடைகள், பொருந்தாத போனுக்கு வாங்கிய இ-சிம்முக்குப் பணம் திருப்பித் தருவதில்லை.

3. வழியைத் தேர்ந்தெடுங்கள்

காலையில் வந்து மாலையில் திரும்புபவருக்கு, டேட்டா இல்லாமலே போவதும் நல்ல வழிதான். அந்தோராவில் வீடுகள் எல்லாவற்றுக்கும் ஃபைபர் இணைப்பு போய்ச் சேர்ந்திருக்கிறது; தங்கும் விடுதிகளிலும் காபிக் கடைகளிலும் வைஃபை கிடைக்கும். ஆஃப்லைன் வரைபடமும் கையில் இருந்தால் கடைத்தெருவைச் சுற்ற அது போதும்.

இரண்டு நாள் முதல் ஒரு வாரம் வரை தங்குபவருக்குப் பயண இ-சிம் வசதி. அதிலும் பொறி ஒன்று உண்டு: 'ஐரோப்பா' என்று விற்கப்படும் இ-சிம்கள் பலவற்றில் அந்தோரா இல்லை. அந்தோராவுக்கென்று தனியாக விற்பவை இருக்கின்றன, ஆனால் ஒரு ஜி.பி.யின் விலை ஸ்பெயினுக்கானதைவிட நன்றாகவே கூடுதலாக இருக்கும். ஸ்பெயினுக்கு ஒன்று, அந்தோராவுக்குச் சிறியதாக ஒன்று என்று இரண்டு வாங்குவதே பெரும்பாலும் மலிவு.

அதற்கு மேல் தங்குபவர், பனிச்சறுக்குக்காக வாரக்கணக்கில் வருபவர், அங்கிருந்தே வேலை பார்ப்பவர் ஆகியோர் அந்தோரா டெலிகாமின் ப்ரீபெய்டு சிம் வாங்கலாம். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். இந்த வழியின் குறை நேரம்தான்: இரவில் வந்து இறங்கினால் அலுவலகம் திறக்கும் வரை காத்திருக்க வேண்டும்.

இந்திய நிறுவனத்தின் ரோமிங் பேக் நான்காவது வழி. அந்தோரா அதில் இருந்தால் தொந்தரவு மிகக் குறைவு. மற்றபடி விலைக்கு எடுபடாது.

எவ்வளவு டேட்டா வாங்குவது? வழிகாட்டும் வரைபடம் மணிக்கு 5 முதல் 10 எம்.பி.தான் எடுக்கும். வாட்ஸ்அப் குரல் அழைப்பு மணிக்கு ஏறத்தாழ 30 எம்.பி., வீடியோ அழைப்பு அதைப் போலப் பத்து மடங்கு. ரீல்ஸ் பார்க்காத ஒருவருக்கு நாளுக்கு 500 எம்.பி. தாராளம்.

4. இ-சிம்மை முன்னதாகவே ஏற்றுங்கள்

முந்தின இரவு, பார்சிலோனா அல்லது துலூஸ் விடுதியின் வைஃபையில் ஏற்றிவிடுங்கள். கியூ.ஆர். குறியீடு உங்கள் போனுக்குள்ளேயே இருந்தால் அதே போனின் கேமராவால் ஸ்கேன் செய்ய முடியாது. இன்னொரு போனில் திறந்து காட்டுங்கள், அல்லது விற்ற செயலியிலேயே இருக்கும் 'நிறுவு' பொத்தானை அழுத்துங்கள்.

வாங்கும்போதே, நாள் கணக்கு எப்போது தொடங்குகிறது என்று படியுங்கள். சிலவற்றில் நிறுவிய நிமிடம் முதல், சிலவற்றில் அந்த நாட்டின் நெட்வொர்க்கில் முதன்முதலாக இணைந்தது முதல். முதல் வகை என்றால் ஒரு வாரம் முன்னதாக நிறுவி நாட்களை வீணாக்காதீர்கள்.

ஏற்றியதும் அந்த இணைப்புக்கு 'அந்தோரா' என்று பெயரிடுங்கள். 'செகண்டரி', 'டிராவல்' என்று விட்டால் இரண்டு இ-சிம் இருக்கும்போது தவறான ஒன்றை இயக்கிவிடுவீர்கள். ஸ்பெயினில் இருக்கும்வரை இது வேலை செய்யாது, 'சேவை இல்லை' என்றே காட்டும். பழுது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். பெரும்பாலான இ-சிம்களை ஒரு முறைதான் நிறுவ முடியும். அழித்தால் புதிதாகத்தான் வாங்க வேண்டும்.

5. வைஃபை இருக்கும்போதே இறக்கிக்கொள்ள வேண்டியவை

கூகுள் மேப்பில் அந்தோரா முழுவதையும் ஸ்பெயின் பக்கத்து எல்லையோர ஊரான லா சேயு துர்ஜெலோடு சேர்த்து ஆஃப்லைனில் இறக்குங்கள். ஆஃப்லைனில் அது கார் வழி மட்டுமே சொல்லும். நடைவழியும் பேருந்து வழியும் சொல்லாது. மலையேறப் போகிறவர்கள் ஆர்கானிக் மேப்ஸ் அல்லது ஆஸ்மண்ட் போன்ற செயலியில் தனியாக இறக்க வேண்டும்.

ஆட்சிமொழி கத்தலான் என்பதால் மொழிபெயர்ப்புச் செயலியில் ஸ்பானியத்தோடு அதையும் இறக்குங்கள். விடுதி முகவரி, திரும்பும் பேருந்தின் டிக்கெட், காப்பீட்டு அட்டை மூன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஓ.டி.பி. தேவைப்படும் வங்கி வேலையை ஸ்பெயின் பக்கத்திலேயே முடித்துவிடுங்கள். உங்கள் ஊர் நிறுவனத்துக்கு அந்தோரா டெலிகாமோடு ஒப்பந்தம் இல்லையென்றால் உள்ளே எஸ்.எம்.எஸ். வராது.

6. எல்லைக்கு 10 கிலோமீட்டர் முன்பு

தவறுகள் அதிகம் நடப்பது இங்கேதான். ஸ்பெயின் பக்கம் லா சேயு துர்ஜெல் ஊரைத் தாண்டினால் ஏறத்தாழ 10 கிலோமீட்டரில் எல்லை. பிரான்ஸ் பக்கம் லோஸ்பிதாலே ரயில் நிலையத்தில் இறங்கிப் பேருந்து பிடிப்பவர்கள் அங்கேயே செய்துவிடலாம். அலைகளுக்குச் சாவடி தெரியாது. அந்தோரா கோபுரத்தின் சிக்னல் பிரான்ஸுக்குள்ளும், பிரெஞ்சு சிக்னல் அந்தோராவின் பிரான்ஸ் எல்லை ஊரான பாஸ் தெ லா காசாவுக்குள்ளும் எட்டும். அதனால் பலகையைப் பார்த்த பிறகு போனை எடுப்பது தாமதம்.

செய்ய வேண்டியவை, இந்த வரிசையில்:

முதலில், ஊர் சிம்முக்கு டேட்டா ரோமிங்கை நிறுத்துங்கள். இரண்டு சிம் இருந்தால் இந்த அமைப்பு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. மேலே இருந்து இழுக்கும் திரையில் மொபைல் டேட்டாவை அணைப்பது வேறு, ரோமிங்கை அணைப்பது வேறு. பின்னதைச் செய்தால்தான், பிறகு தெரியாமல் டேட்டாவைத் தட்டிவிட்டாலும் காசு ஓடாது.

ஐரோப்பிய ஒன்றிய சிம் வைத்திருப்பவர்கள் இங்கே குழம்புவார்கள். ஸ்பெயினில் டேட்டா ஓடுவதற்கே ரோமிங் இயக்கத்தில் இருந்தாக வேண்டும். அதே அமைப்புதான் எல்லை தாண்டியதும் அந்தோராவிலும் இணைத்துவிடுகிறது. போன் இரண்டு நாட்டுக்கும் வித்தியாசம் பார்ப்பதில்லை.

இரண்டாவது, தானாக டேட்டா மாறும் வசதியை அணையுங்கள். ஐபோனில் 'அலோ செல்லுலார் டேட்டா ஸ்விட்சிங்', சாம்சங்கில் 'ஆட்டோ டேட்டா ஸ்விட்சிங்' என்று இருக்கும். இ-சிம்மின் சிக்னல் பலவீனமானால் கேட்காமலே ஊர் சிம்முக்கு டேட்டாவை மாற்றும் வசதி இது. இ-சிம் வாங்கியும் பெரிய பில் வந்தவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். ஐபோனில், வைஃபை பலவீனமானால் மொபைல் டேட்டாவுக்கு மாற்றும் வைஃபை அசிஸ்ட்டையும் சேர்த்து அணையுங்கள்.

மூன்றாவது, புகைப்படக் காப்பையும் செயலிகளின் தானியங்கிப் புதுப்பிப்பையும் 'வைஃபையில் மட்டும்' என்று மாற்றுங்கள்.

நான்காவது, வாய்ஸ்மெயிலை ரத்து செய்யுங்கள். வெளிநாட்டில் நீங்கள் எடுக்காத அழைப்பு ஊருக்கே திரும்பி வாய்ஸ்மெயிலுக்குப் போனால், அதற்கு இரு தடவை கட்டணம் விதிக்கும் நிறுவனங்கள் உண்டு.

டேட்டாவே வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் ஏரோபிளேன் மோடு போட்டு வைஃபையை மட்டும் இயக்குங்கள். இதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை.

7. உள்ளே வந்ததும்

சாவடி தாண்டிச் சாந்த் ஜூலியா ஊருக்குள் வரும்வரை பொறுங்கள். பிறகு 'அந்தோரா' இ-சிம்மை இயக்கி, மொபைல் டேட்டாவுக்கு அதைத் தேர்ந்தெடுத்து, அந்த இ-சிம்முக்கு மட்டும் டேட்டா ரோமிங்கை இயக்குங்கள்.

இந்தக் கடைசி வேலையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ரோமிங் என்றாலே ஆபத்து என்று இரண்டு இணைப்புக்கும் அணைத்து வைத்துவிட்டு, இ-சிம் வேலை செய்யவில்லை என்று தவிப்பார்கள். பயண இ-சிம்களில் பெரும்பாலானவை வேறொரு நாட்டு நிறுவனத்துடையவை. அந்தோராவில் அவையும் விருந்தாளிதான். ரோமிங் இல்லாமல் ஓடாது. கட்டணத்தை முன்பே கட்டிவிட்டதால் பில் வராது. உள்ளூர் அந்தோரா டெலிகாம் சிம்முக்கு மட்டும் ரோமிங் தேவையில்லை.

அப்படியும் வரவில்லையா? இந்த வரிசையில் பாருங்கள்.

நெட்வொர்க் தேர்வு 'ஆட்டோமேட்டிக்' ஆக இருக்கிறதா? ஸ்பெயினில் ஏதோ ஒரு நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்திருந்தால் போன் அதையே தேடிக்கொண்டிருக்கும். இருக்கிறதென்றால், அதை அணைத்துக் கையால் தேடுங்கள். பட்டியல் வர ஓரிரு நிமிடம் ஆகலாம். அந்தோரா டெலிகாம் என்ற பெயரோ, சில போன்களில் மொபிலாந்த் என்ற பழைய பெயரோ, அந்த நெட்வொர்க்கின் குறியீடான 213 03 என்ற எண் மட்டுமோ தெரியும். மூன்றும் ஒன்றே. பாஸ் தெ லா காசாவில் அதோடு பிரெஞ்சு நெட்வொர்க்குகளும் வரிசையாக நிற்கும். ஒன்றிய சிம் வைத்திருப்பவர்கள் 208 என்று தொடங்கும் பிரெஞ்சு நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்தால், சிக்னல் எட்டும் தெருக்களில் உள்நாட்டு விலைக்கே பேசலாம். என்வலீரா சுரங்கத்தைக் கடந்து அந்தோராவுக்கு உட்பக்கம் வந்தால் அது எட்டாது.

சிக்னல் முழுதாக இருந்தும் பக்கம் திறக்கவில்லை என்றால், போனை இன்டர்நெட்டோடு இணைக்கும் ஏ.பி.என். அமைப்பைப் பாருங்கள். இ-சிம் விற்றவர் மின்னஞ்சலில் அனுப்பிய பெயரை எழுத்துப் பிசகாமல், சிறிய எழுத்தில் இடுங்கள். வி.பி.என். ஓடினால் நிறுத்துங்கள். கடைசியாகப் போனை அணைத்து இயக்குங்கள். இ-சிம்மை அழித்து மறுபடி ஏற்றுவது வேண்டவே வேண்டாம்.

வாட்ஸ்அப் 'எண் மாறிவிட்டதா?' என்று கேட்டால், பழைய எண்ணையே வைத்துக்கொள்ளும்படி தேர்ந்தெடுங்கள். மாற்றினால் ஊர் எண்ணில் உள்ள குழுக்களும் உரையாடல்களும் தொந்தரவுக்குள்ளாகும்.

8. பேசுவதற்கு

அந்தோரா எண்கள் ஆறு இலக்கம், முன்னால் +376. ஸ்பெயினில் நின்றுகொண்டு ஸ்பானிய சிம்மிலிருந்து அந்தோரா விடுதியை அழைத்தால் அது ரோமிங் அல்ல, சர்வதேச அழைப்பு. ஒன்றியத்துக்குள் அழைப்பதற்கான விலை உச்சவரம்பும் அதற்குப் பொருந்தாது. விடுதிக்கு மின்னஞ்சலோ வாட்ஸ்அப்போ அனுப்புங்கள்.

அவசர எண் 112. காவல் 110, மருத்துவ உதவி 116, தீயணைப்பு 118. உங்கள் சிம்முக்கு அங்கே சேவை இல்லாவிட்டாலும், எந்த நெட்வொர்க்கின் சிக்னல் இருந்தாலும் 112 போகும். ஏரோபிளேன் மோடில் இருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள்.

9. மலையில்

ஊர்கள் எல்லாம் பள்ளத்தாக்கில் இருப்பதால் அங்கே சிக்னலுக்குக் குறைவில்லை. 2,942 மீட்டர் உயரமுள்ள கோமா பெத்ரோசாவுக்கு ஏறும்போதோ, வாகனச் சாலையே இல்லாத மத்ரியூ பள்ளத்தாக்கில் நடக்கும்போதோ அதே சிக்னலை எதிர்பார்க்காதீர்கள். பாறை ஒன்று குறுக்கே வந்தாலே போதும். மத்ரியூவுக்குள் போகும்முன், எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று விடுதியில் சொல்லிவிட்டுப் போங்கள்.

சிக்னல் தேடித்தேடியே பேட்டரி கரையும். குளிரில் இன்னும் வேகமாக. நடக்கும் நேரம் முழுவதும் ஏரோபிளேன் மோடில் வையுங்கள். ஜி.பி.எஸ். அதிலும் இயங்கும், இறக்கிவைத்த வரைபடம் உங்கள் இருப்பிடத்தைக் காட்டிக்கொண்டே இருக்கும்.

10. திரும்பும்போது

போகும்போது கவனமாக இருந்தவர்கள் வரும்போது அசந்துவிடுவார்கள். ஸ்பெயினுக்குள் வந்தவுடனே ஊர் சிம்மின் ரோமிங்கை இயக்காதீர்கள். போன் பழைய கோபுரத்தையே கொஞ்ச தூரம் பிடித்துக்கொண்டிருக்கும். 'வெல்கம்' எஸ்.எம்.எஸ். வந்ததை மட்டும் நம்பவும் வேண்டாம். நெட்வொர்க் தேர்வை 'ஆட்டோமேட்டிக்' ஆக்கி, திரையில் ஸ்பானிய நிறுவனத்தின் பெயர் வந்த பிறகே இயக்குங்கள். லா சேயு துர்ஜெல் ஊருக்குள் வந்துவிட்டால் கவலை இல்லை.

11. மற்றச் சிறு நாடுகளில் என்ன மாறும்

மொனாக்கோவும் ஒன்றியத்தில் இல்லை. குறியீடு +377, நெட்வொர்க் மொனாக்கோ டெலிகாம். அங்கே சாவடியே கிடையாது, ஒரு தெருவைக் கடந்தால் நாடு மாறிவிடும். எனவே நீஸில் ரயில் ஏறும் முன்பே ஆறாவது படியைச் செய்துவிட வேண்டும். 208 என்று தொடங்கும் பிரெஞ்சு நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்துப் பூட்டிவிட்டால், பல இடங்களில் அதிலேயே சமாளிக்கலாம்.

சான் மரீனோவிலும் இதே கதை. அங்கே பூட்ட வேண்டியது இத்தாலிய நெட்வொர்க்கை, எண் 222 என்று தொடங்கும். வத்திக்கானில் நீங்கள் பிடிப்பது இத்தாலிய நெட்வொர்க்தான். இத்தாலியில் ஓடும் சிம் அங்கேயும் ஓடும்.

லிக்டன்ஸ்டைன் தலைகீழ். அது பொருளாதாரப் பகுதியில் இருப்பதால் ஒன்றிய சிம்முக்கு அங்கே உள்நாட்டு விலை. ஆபத்து பக்கத்தில் இருக்கும் சுவிட்சர்லாந்துதான். அந்த நாடு பொருளாதாரப் பகுதியில் இல்லை. ரைன் ஆற்றங்கரையில் நின்றால் போன் எதிர்க்கரைக் கோபுரத்தைப் பிடித்துவிடும். சுவிஸ் நிறுவனங்கள் சில இரு கரையிலும் இயங்குவதால், பெயரைப் பார்த்து நாட்டைச் சொல்ல முடியாது. எண்ணைப் பாருங்கள்: 295 என்றால் லிக்டன்ஸ்டைன், 228 என்றால் சுவிட்சர்லாந்து. குழப்பமே வேண்டாம் என்றால் உள்ளூர் நிறுவனமான எஃப்.எல்.1 நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுங்கள். நாட்டைவிட்டு வெளியேறும்போது அதை மறக்காமல் 'ஆட்டோமேட்டிக்' ஆக்குங்கள்.